வீடு காண வந்த அன்று சுவரை உடைத்தவன்

எங்கள் வீட்டில் ஒரு குழாய் சொட்டினால் நான் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்யத் தயாராகிவிடுவேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நான் மறைத்தாலும் என் மனைவி ஸ்டெல்லா மறைக்கப் போவதில்லை.

இதற்கு என் தொழிலும் ஒரு காரணம். இருபத்தேழு வருடமாக ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்திருக்கும் மனிதரிடம் போய், "திடீரென்று உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி கடைசியில் எனக்குள்ளேயே குடியேறிவிட்டது. மொட்டைமாடித் தண்ணீர் டாங்கி லேசாக வழிந்தால்கூட, கூரை இடிந்து, அடியில் கிடக்கும் என் கையில் காப்பீட்டுப் பத்திரம் இருப்பதுவரை எனக்குக் காட்சி ஓடிவிடும்.

எங்கள் வீட்டுக்குக் குழாய் பதித்தவன் தேங்காய்ப்பட்டணத்துக்காரன் ததேயு. வேலை அத்தனை சுத்தம். அந்தச் சுத்தத்தை நாங்கள் அனுபவித்து முடிக்கும் முன்பே தோஹாவுக்குப் போய்விட்டான். (எங்கள் மாவட்டத்தில் நல்ல பிளம்பர் என்றால் அவர் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார். இந்தப் பக்கம் இருப்பவர்கள் விசாவுக்குக் காத்திருப்பவர்கள்.) எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்பது உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆகவே எங்கள் வீட்டில் சொட்டினால் கத்தாரில் மணி அடிக்கும். அவன் பதினெட்டாவது மாடியில் சாரத்தில் நிற்கும்போது அடித்திருக்கிறேன். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் முழங்காலில் நிற்கும்போது அடித்திருக்கிறேன். பாவம், ஒரு தடவைகூட எடுக்காமல் இருந்ததில்லை. எடுத்ததும் ஒரே கேள்விதான் கேட்பான்: "சாரே, வால்வப் பூட்டினா நிக்கா?" நிற்கிறது என்பேன். "நின்னா அது எமெர்ஜென்சி இல்ல. ஒரு சாயா குடியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

இந்த லட்சணத்தில்தான் என் மகன் ஜெபினுக்கு வீடு காணல் வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்தை உறுதி செய்யும் முன் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். பெண் மட்டும் வர மாட்டாள். அவளைத் தவிர அவள் வம்சம் முழுக்க வரும். பேர்தான் வீடு காணல். வாசலில் நின்று கண்டுவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை இவர்கள். டீயைக் குடித்துக்கொண்டே அலமாரியின் ஆழத்தை அளப்பார்கள். இரண்டு அத்தைமார் ஒத்தாசை செய்யும் சாக்கில் அடுக்களைக்குள் நுழைந்து அரிசி டிரம்மைத் திறப்பார்கள். ஒருவர் கிணற்றை எட்டிப் பார்ப்பார். இன்னொருவர், எந்த அவசரமும் இல்லாமலே, குளிமுறிக்குள் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் விழும் வேகத்தை மனதில் குறித்துக்கொண்டு வருவார். ஜெபினுக்கு முதலில் வந்த சம்பந்தம், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துரு ருசி அடிக்கிறது என்ற ஒரே காரணத்தால் நின்றுபோனது. இரண்டாவது சம்பந்தத்துக்காரர்கள் காரணமே சொல்லவில்லை. ஜெபினுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது.

இது மூன்றாவது. குலசேகரத்துப் பெண், அபிஷா. ஒரு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ். அவளும் ஜெபினும் இரண்டு தடவை பார்த்துப் பேசியிருந்தார்கள். சின்ன வயதில் மிட்டாய்கூட வாய்விட்டுக் கேட்காத பையன், இந்த முறை என்னிடம் வந்து நின்று, "எப்பா, இது நடக்கணும். நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தா போதும்" என்றான்.

அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

முற்றத்துக்கு இன்டர்லாக் கல் பதித்தேன். ஹாலுக்குப் புதிதாக ஏசி மாட்டினேன். அதிலிருந்து தண்ணீர் வெளியே போகும் மெல்லிய குழாய் பார்க்க அசிங்கமாகத் தொங்குகிறது என்று, மாட்டியவர்கள் போனபிறகு நானே அதை வளைத்து, நூலால் இழுத்துக் கட்டி, சுவரில் தொங்கிய வேத வசனக் காலண்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். வியாழக்கிழமை ஸ்டெல்லா வந்து, கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் மேலே வந்து நின்று, யோசித்துவிட்டு, அப்புறம்தான் இறங்குகிறது, ததேயுவின் மச்சினன் இங்கே ஊரில்தானே இருக்கிறான், அவனைக் கூப்பிடுங்கள் என்றாள். நான் ஜன்னல் திரைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, பையப் போகும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். (இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டில் யாரும் மறக்கவில்லை.)

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்கு ஹாலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றேன். காலண்டருக்குக் கீழே, புதுப் பெயிண்ட் அடித்த சுவரில், ஒரு பப்படம் அளவுக்கு ஈரம்.

ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். பப்படம் தோசையானது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவள் கையில் முந்திரிக்கொத்துப் பலகாரத் தட்டோடு வந்து பார்த்துவிட்டு, அது அப்போதும் பப்படம்தான் என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? சுவருக்குள் குழாய் வெடித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுவர் ஊறும், பெயிண்ட் உரியும், பெண்ணின் அத்தை சாய்ந்து உட்காரும் நேரம் பார்த்து சுவரும் சாயும். கத்தாருக்கு அடித்தேன்.

ததேயு எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. மோட்டார் போடாமல் விட்டால் டாங்கியில் தண்ணீர் தானாகக் குறைகிறதா என்று கேட்டான். பார்க்கவில்லை என்றேன். ஈரத்துக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்றான். இல்லை என்றேன்.

"அப்ப பேடிக்காண்டாம் சாரே. ஈரத்தச் சுத்தி பென்சிலு வச்சி ஒரு கோடு போடும். ஒரு மணிக்கூறு கழிச்சிப் பாரும். கோடு தாண்டலேன்னா அது எமெர்ஜென்சி இல்ல. பின்ன, ஒரு காரியம் கேக்கணும், அந்தச் செவத்துல நீங்க..."

நான் துண்டித்துவிட்டேன். பெண் வீட்டார் வந்துகொண்டிருக்கிறார்கள், இவன் என்னைக் கோலம் போடச் சொல்கிறான்.

சுத்தியலும் உளியும் எடுத்துவந்தேன். ஸ்டெல்லா வழியை மறித்து நின்று, மூன்று வாக்கியத்தில் என் குடும்பத்தையும் என் அறிவையும் சுத்தியலையும் இணைத்துப் பேசினாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என்ன கேட்டியளா, நம்ம கல்யாணப் படத்த எடுத்து அதுக்க மேல மாட்டினா தீந்துது. சவத்த விடுங்க" என்றாள். நல்ல யோசனை. பிறகு எத்தனையோ தடவை அந்த யோசனையை நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் அடியில் பெயிண்ட் போனது. இரண்டாவதில் சிமெண்டு விழுந்தது. மூன்றாவதில் செங்கல் தெரிந்தது. காய்ந்த செங்கல். விரலால் தடவிப் பார்த்தேன்; தூசி பறந்தது. ஈரம் மேல்பூச்சில் மட்டும்தான் என்று இதிலிருந்து ஒரு குழந்தைகூடப் புரிந்துகொண்டிருக்கும். நானோ, குழாய் இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது, ததேயு ஆழமாகப் பதித்திருக்கிறான், கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது அடியும் ஐந்தாவது அடியும் சேர்த்துப் போட்டேன்.

அதுவரை அந்தக் குழாய் பத்து வருடமாக ஒரு குறையுமில்லாமல் அங்கே இருந்தது.

தண்ணீர் என் முகத்தில் அடித்து, என்னைத் தாண்டி, எதிர்ச்சுவருக்குச் சாடியது. போகும் வழியில் சோபா, திரைச்சீலை, முந்திரிக்கொத்துத் தட்டு. குளித்து முடித்துப் புதுச் சட்டையோடு அறையிலிருந்து வந்த ஜெபின் ஒரு கணம் பார்த்தான். ஓடிவந்து உள்ளங்கையை அந்த ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டான். தண்ணீர் அவன் விரலிடுக்கில் மட்டும் கசிந்தது.

"வால்வப் பூட்டுங்க" என்றான், சுவரைப் பார்த்தபடியே.

வால்வா? அது முற்றத்தில் ஒரு சின்னக் குழிக்குள் இருந்தது. இருந்தது என்றால், இரண்டு வாரத்துக்கு முன்வரை. குழி அழகைக் கெடுக்கிறது என்று நான்தான் அதன் மேலேயே இன்டர்லாக் பதிக்கச் சொன்னேன். எந்தக் கல்லுக்குக் கீழே என்று கல் பதித்தவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மிச்சமிருந்தது டாங்கியின் அடியில் இருக்கும் வால்வு ஒன்றுதான். ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். டாங்கிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே குப்புறப் படுத்தால்தான் அந்த வால்வு கைக்கு எட்டும். எட்டியது. ஆனால் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டேன். கெஞ்சினேன். உளியால் தட்டினேன். (நான் அதையும் உடைத்துவிடுவேன் என்று கீழேயிருந்து ஸ்டெல்லா முன்னறிவிப்பு செய்தாள்.) ஒவ்வொரு தட்டுக்கும் கீழே எட்டிப் பார்த்து நிற்கிறதா என்பேன். ஜெபின் குரல் வரும்: "இல்ல."

எங்கள் மாவட்டத்தில் எந்த வைபவத்துக்கும் யாரும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. பதினொன்று என்றால் பன்னிரண்டரை. இதை நம்பித்தான் நான் வால்வோடு நிதானமாகப் போராடிக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்கு வாசலில் வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் பெண்ணின் அப்பா ஞானசிகாமணி. ரப்பர் எஸ்டேட்டில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நிமிர்ந்த உடம்பு. ஆனால் அவர் நடந்த நடையில் கம்பீரத்தைவிட அவசரம் அதிகமாக இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர், குலசேகரத்திலிருந்து வரும் வழியெல்லாம் ரோடு தோண்டிப் போட்டிருக்கிறது. வாசலில் நின்ற ஸ்டெல்லாவிடம் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில், "குளிமுறி எங்கயாக்கும்?" என்று கேட்டார்.

சரியாக அந்த நேரம் பார்த்து வால்வு திரும்பியது. எனக்கு வந்த சந்தோஷத்தில், கீழே பதினெட்டுப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல், டாங்கியின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கி, வீட்டில் இனி ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்று அறிவித்தேன்.

ஞானசிகாமணி அப்போதுதான் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டிருந்தார்.

நான் இறங்கி வந்தபோது ஹாலில் விருந்தினர்கள் கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை முதுகைக் காட்டியபடி சுவரோடு ஒட்டி நின்றான். தண்ணீர் நின்றுவிட்டதை அவனிடம் சொல்லவே யாருக்கும் தோன்றவில்லை. பெண்ணின் அம்மா அவன் பக்கத்தில் போய், "கைய எடுக்கலாமா மக்கா?" என்று மெல்லக் கேட்டார். கையை எடுத்தான். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கி, நடுவில் வட்டமாகக் குழாயின் தடம்.

உள்ளேயிருந்து ஒரு நிதானமான குரல் வந்தது: "இஞ்ச கொழாயில வெள்ளம் வரல்ல, கேட்டியளா."

கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்துக் கதவிடுக்கு வழியாகக் கொடுத்தேன். ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரல், இப்போது நிதானம் சற்றுக் குறைந்து: "இது மேலல்லா வருது."

"ஒண்ணுமில்ல. பையப் போவும்" என்று சொல்லி இரண்டாவது வாளியைக் கொடுத்தேன். மூன்றாவதை, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நானே உள்ளே புகுந்து ஊற்றினேன். (ஒரு சம்பந்தியாகப் போகிறவரை அந்த நிலையில் பார்த்தவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) அது நிரம்பி, விளிம்பைத் தாண்டி, என் காலையும் அவர் காலையும் நனைத்து, கதவுக்கு வெளியே நடந்து ஹாலுக்குப் போனது. அங்கே அத்தைமார் சேலையைத் தூக்கிக்கொண்டு சோபாவின் மேல் ஏறும் சத்தம் கேட்டது.

அந்த இடத்தில் நான் செயலற்றுப் போனேன். காலையிலிருந்து சுவருக்கு, டாங்கிக்கு, ஈரத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் பதறியவனுக்கு, பதற வேண்டிய நேரம் வந்தபோது பதற்றம் கையிருப்பில் இல்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞானசிகாமணி வெளியே வந்து, சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். எங்கள் முற்றத்தை ஒரு சுற்று பார்த்தார். கக்கூஸுக்கு நேர் வெளியே, நாங்கள் நாற்காலி போட்டிருந்த இடத்தில், தென்னைமரத்துக்கு அருகே போய் நின்று, இதற்குக் கீழேதான் கழிவுக்குழாயின் தொட்டி மூடி இருக்கும் என்றார். கடப்பாரை கேட்டார். நாலு கல்லைப் பெயர்த்தார். மூடி தெரிந்தது. முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். தென்னை வேர், அவிழ்த்துவிட்ட கூந்தல்போல ஒன்றரை முழம் நீளத்துக்கு வந்தது. உள்ளே பெரிய உறுமல் கேட்டது. ஹாலில் யாரோ "போவுது, போவுது" என்றார்கள்.

அவர் கிணற்றடியில் கையைக் கழுவப் போக, நான் ஹாலுக்குத் திரும்பியபோது என் போன் அடித்தது. ததேயு. ஈரக் கை வழுக்கி ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"சாரே, முன்ன பேசும்ப கட் ஆயிப்போச்சி. கேக்க வந்தத மறந்திராண்டாம்னு கூப்பிட்டேன். அந்தச் செவத்துல புதுசா ஏசி வல்லதும் மாட்டினியளா? அதுக்க வெள்ளம் போற டியூபு மடங்கிக் கெடந்தா செவரு நனையும். ஒண்ணும் செய்யாண்டாம். டியூப நிமித்து விட்டா போதும்."

பதினெட்டுப் பேரும் ஏசியைப் பார்த்தார்கள். காலண்டரைப் பார்த்தார்கள். காலண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்த நூலைப் பார்த்தார்கள். கடைசியாக, நான் சுவரில் போட்டிருந்த குகையைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீடு கண்டு முடித்ததும் பெண் வீட்டார் தனியே ஒதுங்கிப் பேசுவது வழக்கம். அவர்கள் கிணற்றடிக்குப் போனார்கள். பத்து நிமிடம் இருக்கும். ஸ்டெல்லா என்னைப் பார்க்கவே இல்லை. ஜெபின் நனைந்த சட்டையோடு படியில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "ஒண்ணும் செய்யாம இருங்கன்னுதான சொன்னேன்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. களைப்பாகச் சொன்னான். மற்றவர்களுடைய எத்தனையோ இழப்புக்கு நான் கணக்கெழுதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு எந்தப் பாலிசியும் கிடையாது என்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

ஞானசிகாமணி திரும்பி வந்தார். சட்டையை இன்னும் போடவில்லை. ஈரமில்லாத நாற்காலி ஒன்றைத் தேடி உட்கார்ந்தார்.

"மோளுக்கு இதுக்கு முன்ன ரெண்டு வீடு கண்டாச்சு. எல்லாரும் பெயிண்டத்தான் காட்டினாவ. இவரு செவத்துக்கு உள்ள இருக்கதையும் காட்டிட்டாரு. இனி நாங்க காண ஒண்ணும் பாக்கி இல்ல."

எனக்கு இது சம்மதமா, மறுப்பா என்று புரியவில்லை. பெண்ணின் அம்மா பேசினார்.

"நாங்க வந்து நின்னோம், பேசினோம், வெள்ளத்துல நடந்தோம். இந்தப் பிள்ள திரும்பிப் பாக்கல்ல. வச்ச கைய எடுக்கல்ல. எனக்க மோளுக்கு அது போதும்."

ஜெபின் எழுந்து நின்றான். ஸ்டெல்லா அழுதாள். நான் எழுந்து ஞானசிகாமணியின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ஒரே ஒரு நிபந்தனை என்றார். கல்யாணம் முடிகிறவரை சம்பந்திக்காரர் எந்த வேலைக்கும் எந்தக் கருவியும் தொடக்கூடாது. எல்லோரும் முந்திரிக்கொத்துத் தின்றார்கள். அது கொஞ்சம் ஊறியிருந்தது. பெண்ணின் அத்தை, பல்லுக்கு இதமாக இருக்கிறது என்றார்.

பெண்ணின் சித்தப்பா மகன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. டாங்கியின் மேல் நான் கையைத் தூக்கி நிற்பது அதில் தெளிவாக இருக்கிறதாம். அபிஷா அதை ஆஸ்பத்திரியில் தேநீர் இடைவேளையில் பார்த்து, பக்கத்திலிருந்த நர்ஸிடம், இந்த வீட்டுக்கு ஒரு ஆள் அவசியம் வேண்டும் என்று சொன்னாளாம்.

கல்யாணம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. அபிஷா வந்த பிறகு எங்கள் வீட்டில் எது அவசரம், எது இல்லை என்று தீர்மானிப்பதற்கு ஒரு வழிமுறை ஏற்பட்டிருக்கிறது. நான் கத்தினால், பதறினால், மாடிக்கு ஓடினால், யாரும் இருந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. பேத்திகூட மண்ணில் விளையாடிக்கொண்டேதான் இருக்கிறாள்.

போன வாரம் அடுக்களை சிங்கின் அடியில் லேசாக ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அபிஷாவிடம், ஒன்றுமில்லை, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நான் நிமிர்வதற்குள் அவள் கத்தாருக்கு அடித்துவிட்டாள். ததேயு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"சாரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னாரு."

"அப்ப மோட்டர ஆஃப் பண்ணி வையும். மச்சினன இப்பவே அனுப்புதேன்."